இலையைத் துறந்த புதர்கள்

ஜெய்சல்மேரிலிருந்து சம் மணல்மேடுகளுக்கு சுமார் 40 கி.மீ. சுற்றுலா ஜீப்புகள் வழியில் எங்கும் நிற்பதில்லை. ரேடியேட்டர் கொதித்துப்போனதால் எங்கள் ஜீப் நின்றது. ஏப்ரல் வெயில். நிழல் தேடினால், எதிரே ஒரு பச்சைப் புதர். அதில் இலையே இல்லை. கிளையெங்கும் செங்கல் நிறப் பூக்கள்.

“கேர்” என்றார் டிரைவர். இங்கே ஆண்டுக்குச் சராசரி மழை 20 செ.மீட்டருக்கும் குறைவு. செடி உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி இலை வழியாகத்தான் வெளியேறுகிறது. எனவே கேர் இலையையே கைவிட்டுவிட்டது. தளிரில் தலைகாட்டும் துளியூண்டு இலைகளும் சீக்கிரமே உதிர்ந்துவிடும். உணவு தயாரிப்பது பச்சைத் தண்டுதான். பக்கத்திலேயே நின்ற எருக்கு (ஆம், நம்மூர் எருக்கேதான்) வேறு வழி கண்டிருக்கிறது: தடித்த இலை, அதன்மேல் மெழுகுப் பூச்சு. காட்டு இலந்தை வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும். அதன் காய்ந்த இலை ஆடுகளுக்குத் தீவனம்.

ஆனால் மணல்மேட்டின் உச்சி வரை ஏறத் துணிவது போக் என்ற புதர்தான். இதற்கும் இலை பெயருக்குத்தான்; ஈர்க்குச்சி போன்ற பச்சைக் கிளைகள், கோடை முற்றினால் அவற்றிலும் பல உதிரும். அதன் நிஜமான உடம்பு மணலுக்கு அடியில் இருக்கிறது. வேர்கள் ஆழத்திலும் பக்கவாட்டிலும் வெகுதூரம் ஓடி, நகரும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன.

அந்த வேரே அதற்கு எமனாகிவிட்டது. போக் வேர் விறகாகவும் கரியாகவும் கடுமையான சூட்டில் எரியும். மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் செடி, வேரோடு தோண்டினால் என்ன செய்யும்? 1958இல் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், பின்னர் இந்திரா காந்தி கால்வாய், தண்ணீர் கொண்டுவந்தது. நிலத்தைச் சமப்படுத்த வந்த டிராக்டர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. தன் சிறுவயதில் இந்த மேடு முழுக்க போக் இருந்ததாக, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார். நான் எண்ணிப் பார்த்தேன்: ஏழு.

இரவு சாலையோர தாபாவில் கேர் காயும் வன்னி நெற்றும் சேர்த்துச் சமைத்த கேர்-சாங்ரி. பிரமாதம். அடுப்பு கனகனவென்று எரிந்தது. என்ன விறகு என்று கேட்டேன். மூலையில் குவிந்திருந்த, முறுக்கிய செந்நிற வேர்களைக் காட்டினார் தாபாக்காரர்.