ஒன்றுபோல் ஒன்றில்லாத கழுக்கோல்கள்

தக்கலைக்குப் பக்கத்தில், பத்மநாபபுரம் கோட்டைக்குள் நுழைந்து அரண்மனைக்கு டிக்கெட் எடுத்தால் அதைத் தருவது கேரளத் தொல்லியல் துறை. மண் தமிழ்நாடு, அரண்மனை கேரளம். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தாலுகா இந்தப் பக்கம் வந்தது. அரண்மனை நிர்வாகம் மட்டும் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டது. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த மாணவியும் இங்கே டேப் பிடித்து அளக்கப் பக்கத்து மாநிலத்திடம்தான் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

கட்டடக்கலை மாணவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் படிப்பு ஐந்து வருடம். அதில் 'மெஷர்டு டிராயிங்' என்றொரு வேலை உண்டு. நிற்கிற கட்டடத்தை உத்தரம் முதல் ஓடுவரை அளந்து, தாளில் மறுபடி எழுப்புவது. கட்டடக்கலை மாணவர்களின் தேசிய அமைப்பான நாசா இந்தியா, இப்படி ஆவணப்படுத்துவதற்கென்றே கட்டடக் கலைஞர் லூயி கான் பெயரில் ஒரு கோப்பை வைத்திருக்கிறது.

நான் போன அன்று மாணவர் குழுவொன்று மந்திரசாலையில் இருந்தது. மன்னர் ஆலோசனை நடத்திய அறை. வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே காலடியில் குளிர்ச்சி. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் கருந்தரை முகம் தெரியும் அளவுக்கு மின்னுகிறது. சுவரோரம் சாய்ந்த மரச்சட்டங்கள் வரிசையாக ஓட, காற்று மட்டும் உள்ளே வருகிறது, வெயில் வெளியே நின்றுவிடுகிறது. ஒரு மாணவி அந்தச் சட்டத்தின் சாய்வைக் கோணமானியால் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடம். அவளுடைய தீசிஸ், தோவாளைப் பூச்சந்தை.

மற்றவர்களின் தலைப்புகளும் சுற்றுவட்டாரத்தவைதான்: கோட்டாறு கடைவீதிக்குப் புத்துயிர் கொடுப்பது, வடசேரிக் கோயில் நகைக்காரர்களுக்குப் பட்டறையும் காட்சிக்கூடமும். லேப்டாப்பில் படங்களைக் காட்டினார்கள். அழகாகவே இருந்தன. ஆனால் கோட்டாறு கடைவீதியில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் நாய்க்குட்டியோடு உலாவுகிறார்கள்! கணினியில் ஆயத்தமாகக் கிடைக்கும் மனித உருவங்களை அப்படியே ஒட்டியதன் விளைவு. தலையில் மூட்டையோடு ஓடும் ஆள் ஒருவர்கூட இல்லை. அந்த ஆள் திரும்புவதற்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்ற கேள்வியும் அதனால் எழவில்லை.

மத்தியானம் அதே குழு ஓர் ஆசாரியின் பட்டறைக்குப் போனது. பழைய நாலுகெட்டு வீடொன்றின் கூரை அங்கே அக்கக்காகப் பிரிந்து கிடந்தது. பலாவும் அயனியும். இந்த வகைக் கூரையை நிறுத்துவது ஆணியல்ல, பொருத்துதான். கழுக்கோல்கள் எனும் சாய்வுக் கட்டைகள் மேலே மோந்தாயம் எனும் முகட்டு மரத்திலும் கீழே உத்தரத்திலும் உட்கார, எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு வளை எனும் குறுக்குச் சட்டம் ஓடுகிறது. பிரிக்கலாம், கொண்டுபோய் வேறிடத்தில் மாட்டலாம். ஒரு பையன் ஒரு கழுக்கோலை அளந்து வரைந்துவிட்டு, அதையே காப்பி செய்து மூலைவரை நிரப்பியிருந்தான்.

ஆசாரி திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மக்களே, மூலைக்கிட்ட வந்தா ஒண்ணுபோல ஒண்ணு இருக்காது கேட்டியா? நீளம் வேற, சாய்வு வேற, துளையும் வேற." ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கிக் காட்டினார். துளைகளில் விரலை விட்டுப் பார்த்தால்தான் புரிகிறது: முதல் கோலில் துளை ஏறக்குறைய நேராகப் போகிறது, மூலையை நெருங்க நெருங்கச் சாய்ந்துகொண்டே வருகிறது. ஒரே வளை தடங்கலில்லாமல் போக வேண்டும் என்றால் ஒவ்வொரு துளைக்கும் தனிக்கணக்கு.

அவருடைய கணக்கின் அடிப்படை முழக்கோல். ஒரு கோலுக்கு இருபத்து நான்கு விரல், இன்றைய அளவில் 72 சென்டிமீட்டர். மாணவர்கள் 2.88 மீட்டர் என்று எழுதி, ஏன் இந்த அரைகுறை எண் என்று விழித்த அறை அவருக்குச் சுத்தமாக நாலு கோல். வீட்டின் சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் மீதி ஒற்றைப்படையில் நிற்க வேண்டும் என்ற மனையடி விதியும் அவர் வாயில் தயாராக இருந்தது. விதியை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் எந்த அளவுகோலில் கட்டினார்கள் என்று தெரியாமல் அந்த வீட்டை வரைந்தால், எண்கள் சரியாக இருக்கும், காரணம் விட்டுப்போகும்.

தோவாளை மாணவிக்கு இதே பாடம் சந்தையில் கிடைத்தது. முதலில் அவள் போனது பதினோரு மணிக்கு. பூச்சந்தை விடியுமுன் கூடி, வெயில் ஏறுமுன் கலைந்துவிடும். கேரளத்துக்குப் போகும் வண்டிகள் காத்திருக்காது. பதினோரு மணிக்குக் கண்டது ஈரத் தரையும் உதிரியும்தான். பிறகு இருட்டோடு போனபோதுதான், அவள் வரைந்திருந்த 90 சென்டிமீட்டர் உயர மேடைகள் யாருக்கும் வேண்டாதவை என்று தெரிந்தது. இங்கே கட்டுவதும் எண்ணுவதும் தரையில் உட்கார்ந்து. 2025-ல் புவிசார் குறியீடு பெற்ற மாணிக்கமாலையும் அப்படித்தான்: அரளியையும் நொச்சி இலையையும் மடக்கி மடக்கி நாரில் கட்டுகிறவரின் கண், தரையிலிருந்து ஏறக்குறைய முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விளக்கு, தண்ணீர்க்குழாய், பூக்கூடை எல்லாம் அந்த உயரத்துக்கு இறங்கி வர வேண்டும்.

அடுத்தது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம். முப்பந்தல் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆனி ஆடியில் அந்தக் காற்று பூவை வாட்டிவிடும். சுவரெழுப்பி அடைத்தால் உள்ளே புழுங்கி அழுகிவிடும். மந்திரசாலைச் சட்டங்களை அவள் அளந்தது இதற்காகத்தான். மேற்குப் பக்கம் முழுக்கச் சாய்சட்டங்கள் வைத்து ஒரு செக்ஷன் வரைந்து, அதை ஆசாரியிடம் நீட்டினாள்.

"இதுல தண்ணி உள்ள ஊத்துமே" என்றார். சட்டங்கள் தலைகீழாகச் சாய்ந்திருந்தன.

"திருப்பிப் போட்டாச் சரியாயிரும் பாட்டா."

"ஐப்பசி மழை கிழக்கேருந்து வரும். அதுக்கு என்ன செய்வே?"

கிழக்குப் பக்கம் அவள் எதுவுமே வரையவில்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. அசையாத சட்டம் போதாது, ஒரே கம்பியை இழுத்தால் எல்லாம் சேர்ந்து திறந்து மூடும்படி செய்யலாம் என்றார் ஆசாரி. ஆனால் பலா விலைக்கு அது கட்டுப்படியாகாது. இரும்புக் குழாயில் சட்டம், பலகை மட்டும் மரம் என்று அவரே ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்தார். குழாயின் விட்டம் எவ்வளவு என்று அவள் கேட்க, அதை வெல்டிங் பட்டறையில் கேட்டுவிட்டு வரச் சொன்னார்.