நாலாங்கிளாஸ் மீன்

அமெரிக்காவில் சியாட்டிலுக்குப் பக்கத்தில் இஸ்ஸக்குவா என்று ஒரு ஊர். அந்தப் பெயரைத் தடுக்கி விழாமல் சொல்ல எனக்கு நாலு நாள் ஆனது. ஏப்ரல் மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மலை, மழை, காபிக் கடை, மறுபடியும் மழை.

‘‘மாமா, எங்க கிளாஸ்ல மீன் வளர்க்கறோம், வந்து பாரு’’ என்றான் அக்கா பையன். நாலாங்கிளாஸ். தொட்டியில் நாலு தங்கமீன் திரியும் என்று நினைத்துப் போனேன்.

போனால், ஐ.சி.யூ. மாதிரி இருக்கிறது! இருநூறு லிட்டர் தொட்டி. சுற்றிலும் ஃபோம் அட்டை. பக்கத்தில் தண்ணீரைப் பத்து டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க ஒரு சில்லர், பழைய ஃபிரிட்ஜ் போல உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே கோஹோ என்கிற சால்மன் குஞ்சுகள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் நிறையப் பள்ளிக்கூடங்களில் இது நடக்கிறது. ஜனவரி வாக்கில் முட்டை வரும். பட்டாணி சைஸ், ஆரஞ்சு கலர், உள்ளே கண் மட்டும் கறுப்புப் புள்ளியாக. வெளிச்சம் ஆகாது, அதனால்தான் போர்வை. பொரித்த குஞ்சு வயிற்றிலேயே கட்டுச்சோற்று மூட்டையோடு பிறக்கிறது. மூட்டை கரையும்வரை கூழாங்கல் இடுக்கில் படுத்துக் கிடக்கும். அப்புறம்தான் மேலே வந்து வாயைத் திறக்கும். அப்போது ஆரம்பிக்கிறது வேலை. தின்றால் கழிவு, கழிவு சேர்ந்தால் அம்மோனியா, அம்மோனியா ஏறினால் மீன் அவுட். தண்ணீர் மாற்றலாம் என்றால் குழாய்த் தண்ணீரில் குளோரின், அதை முதலில் எடுக்க வேண்டும். எல்லாம் ஒன்பது வயசுப் பிள்ளைகள் முறை வைத்துச் செய்கிறார்கள். (நான் அந்த வயதில் கரும்பலகை துடைத்ததோடு சரி.)

சுவரில் சார்ட். செத்தது எத்தனை, என்ன தேதி என்று எழுதியிருந்தது. அக்கா பையன் தன் மீனுக்கு முத்து என்று பெயர் வைத்திருந்தான்.

‘‘எல்லாம் ஒரே மாதிரிதானேடா இருக்கு?’’

‘‘உனக்குத்தான் மாமா தெரியல.’’

தாய் சால்மன் சுமார் 2,500 முட்டை போட்டால், வளர்ந்து திரும்பி வருவது ஒன்றோ இரண்டோ. பி.காம். படித்தவனுக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த பேலன்ஸ் ஷீட்டுக்கு எந்த பேங்க் லோன் தரும்?

வழியும் லேசுப்பட்டதல்ல. ஓடையிலிருந்து சம்மாமிஷ் ஏரி, அங்கிருந்து ஆறு, வாஷிங்டன் ஏரி, கால்வாய், 1917-ல் திறந்த பல்லார்ட் மதகுகள், பிறகு கடல். சுமார் மூன்று வயதில் சொந்த ஓடையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது. மதகுப் பக்கத்தில் மீனுக்கென்று 21 படி வைத்த ஏணி கட்டியிருக்கிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

மீனை விடும் நாள். ஆளுக்கொரு பேப்பர் கப். வரிசையில் நின்று, ஓடையில் குனிந்து, மெதுவாகச் சாய்த்தார்கள். முத்து ஒரு நிமிஷம் கப்பிலேயே நின்றான். அப்புறம் காணோம். பையன் எழுந்திருக்கவேயில்லை.

திரும்பும்போது காரில் கேட்டான். ‘‘மாமா, டயர்ல ஒரு கெமிக்கல் இருக்கு, தெரியுமா?’’

டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சியாட்டில் நகர ஓடைகளுக்குத் திரும்பி வந்த கோஹோக்கள் மழை பெய்தால் முட்டை போடும் முன்பே துடித்துச் செத்தன. சில வருடங்களில் பாதிக்கு மேல். பல வருடம் காரணம் புரியவில்லை. 2020-ல் கண்டுபிடித்தார்கள். டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்க 6பிபிடி என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறுகிறது. தேய்ந்த டயர்த் தூளோடு மழைத் தண்ணீர் அதை ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கோஹோவுக்கு அது துளி போதும். கூடவே வரும் சம் என்கிற சால்மனுக்கு ஒன்றும் ஆவதில்லையாம்!

‘‘நம்ம கார் டயர்லயும் இருக்கா அப்பா?’’

அத்தான் பதில் சொல்லவில்லை. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

‘‘அப்ப மெதுவா போப்பா. பிரேக் போடாம.’’

அத்தான் வேகத்தைக் குறைத்தார். பையன் எட்டிப் பார்த்தான். இன்னும் குறைத்தார். பின்னால் ஏழெட்டுக் கார் சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் நான் ஹார்ன் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.