நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது!

எங்கள் வீடு சாந்தோமில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் இருக்கிறது. சாயங்காலமானால் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது. அதனால் கார்த்திகை தீபத்தன்று அகல் ஏற்றுவது எனக்கு ஒரு போராட்டம்தான். ஒன்றை ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது அணைந்துவிடும்!

2012-ஆம் வருஷத்துக் கார்த்திகையன்றும் அப்படித்தான் பால்கனியில் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பெரியவளுக்கு அப்போது எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. திடீரென்று ஒரு கருகல் வாடை. திரும்பிப் பார்த்தால், படுக்கையறையிலிருந்து புகை! ஓடிப் போனேன். ஜன்னல் திரை கீழேயிருந்து பற்றி எரிந்துகொண்டிருந்தது. நைலான் திரை, உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் குளியலறையிலிருந்து வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வீசினார். இரண்டு வாளியில் அணைந்தது. எல்லாம் ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

ஆனால் சின்னவனைக் காணோம்.

"டேய், எங்கேடா இருக்கே?" என்று நான் கத்திய கத்தலில் கீழ் வீட்டுக்காரர்களே மேலே வந்துவிட்டார்கள். குழந்தையிடமிருந்து பதிலே இல்லை. கூடம், சமையலறை, மொட்டை மாடி எல்லாம் தேடியாகிவிட்டது. கடைசியில் பெரியவள்தான் குனிந்து பார்த்தாள். திரை எரிந்த அதே அறையில், கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தான். கையில் தீப்பெட்டி.

"அம்மா இவ்வளவு கத்தினேனே, காதில் விழலையா? ஏண்டா வரலை?"

"விழுந்தது. நீ அடிப்பியேம்மா..."

அந்த ஒரு வார்த்தை என்னை உட்கார வைத்துவிட்டது. குழந்தைக்கு நெருப்பைவிட என்னிடம் பயம் அதிகம்! வாளித் தண்ணீரில் அணையாமல் மெத்தையும் பற்றியிருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அவனை அப்படி வளர்த்தது நான்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் பிறந்த வீடு கும்பகோணம். 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி, ஏழு மாதக் கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தேன். ஆடி வெள்ளிக்கிழமை. காலையில் வாசலில் கோலம் போட்டு முடித்து, பூஜைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் தெருவே அலறிக்கொண்டு ஓடியது. மதிய உணவு சமைக்கும் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் பிடித்த தீ, கீற்றுக்கூரைக்குத் தாவி, மாடி வகுப்புகளை வளைத்துக்கொண்டுவிட்டது. குறுகலான மாடிப்படி. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அந்த வாரம் எங்கள் ஊரில் அடுப்பு மூட்டாத வீடுகள் எத்தனையோ! நானும் என் குழந்தையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

அந்தத் துக்கத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக்கூரையை அகற்றச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009-ல் நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் தீப் பாதுகாப்பு வேண்டுமென்று தீர்ப்பு வந்தது. சட்டம் கற்றுக்கொண்டது. நான் கற்றுக்கொண்டது என்ன? பயம் ஒன்றைத்தான். "தொடாதே, சுட்டுடும்! தீப்பெட்டியைத் தொட்டே, கையை உடைச்சிடுவேன்!" இதுதான் என் குழந்தைகளுக்கு நான் நடத்திய பாடம். நெருப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

எனக்குப் புத்தி சொன்னவர், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா. பக்கத்துக் குப்பத்தில், ஓலைக் குடிசையிலேயே பிறந்து வளர்ந்தவர். நடந்ததைச் சொன்னதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "நாங்க கொழந்தைங்களுக்கு பயப்படுன்னு சொல்லிக் குடுக்க மாட்டோம்மா. ஓடுன்னுதான் சொல்லிக் குடுப்போம். கூரை பத்திக்கிச்சுன்னா துணி, சாமான் எதையும் பாக்காத, தங்கச்சி கையப் புடிச்சுக்கினு நேரா மணலுக்கு ஓடு, நான் அங்கதான் வருவேன்னு எங்கம்மா சொல்லும். நானும் எம் புள்ளைங்களுக்கு அதையேதான் சொன்னேன்."

எவ்வளவு பெரிய விஷயம்! எப்படி வெளியே போவது, யாரைக் கூட்டிக்கொண்டு போவது, எங்கே போய் நிற்பது, மூன்றும் அதில் அடங்கிவிட்டதே!

அன்று ராத்திரியே குழந்தைகளை உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தேன். "விளக்கு வைக்கிற நேரத்தில் நெருப்பு கிருப்புன்னு என்ன பேச்சு?" என்றார் மாமியார். "அத்தை, நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா? நீங்கள் சொல்கிற பழமொழிதானே!" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்.

முதலில் ஒரு சத்தியம் செய்து கொடுத்தேன். "தப்பு உன்னுதாகவே இருந்தாலும் சரி, நெருப்பைப் பார்த்தா கத்து. அதுக்காக அம்மா ஒரு நாளும் அடிக்க மாட்டேன்." சகோதரிகளே, இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். பயந்த குழந்தை கட்டிலடியிலும் பீரோவுக்குள்ளும்தான் ஒளியும். புகையில் நம் கண்ணுக்கு அது அகப்படாது.

அடுத்தது, கூடும் இடம். எங்களுக்குக் கேட்டுக்கு வெளியே இருக்கும் வேப்பமரம். யார் எந்த அறையில் இருந்தாலும் படிக்கட்டு வழியாக அங்கே வந்துவிட வேண்டும். லிப்ட் இருக்கும் வீடுகளில் அதைத் தொடவே கூடாது. பொம்மையை எடுக்க, செருப்பை எடுக்க என்று திரும்பி உள்ளே போகக் கூடாது. புகை மேலேதான் போகும். ஆகவே தரையோடு தவழ்ந்து வர வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கூடத்திலிருந்து வாசல் வரை தவழ்வது எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகவே ஆகிவிட்டது!

துணியில் தீப்பிடித்தால் ஓடவே கூடாது. ஓடினால் காற்றுப்பட்டுத் தீ வளரும். நின்று, படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். இதைச் சாந்தோம் கடற்கரை மணலில் பழக்கினோம். தலைமுடியெல்லாம் மணலாகி வந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. இருக்கட்டும்!

சுட்டுக்கொண்டால் உடனே குழாய்த் தண்ணீர். ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷமல்ல, முழுசாக இருபது நிமிஷம் தண்ணீர் ஓடட்டும். பேனா மை, பற்பசை, தோசை மாவு, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். காயம் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிதான். தீயணைப்பு நிலையத்துக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112, சமையல் எரிவாயு கசிந்தால் 1906. இந்த மூன்று எண்களோடு எங்கள் வீட்டு விலாசத்தையும் குழந்தைகள் ஒப்பிப்பார்கள். விலாசம் சொல்லத் தெரியாவிட்டால் போன் செய்து என்ன பயன்?

தீப்பெட்டி இப்போதும் மேல் தட்டில்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது என் பக்கத்தில் நின்று ஏற்றச் சொன்னேன். தெரிந்துகொண்ட பிறகு சின்னவனுக்குத் திருட்டுத்தனமாகப் பார்க்கும் ஆசை போய்விட்டது.

இதெல்லாம் வீண் வேலையோ என்று எனக்கே சில சமயம் தோன்றும். 2015-ல் ஒரு நாள், குழந்தைகளோடு மயிலாப்பூர் மாட வீதிக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். நன்றாக இருட்டிவிட்டது. கதவைத் திறந்து, வழக்கம்போல் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

"அம்மா! சுவிட்சைப் போடாதே! கேஸ் வாடை வருது!"

சின்னவன்தான். எட்டு வயது. நீட்டிய கை அப்படியே நின்றது. மூக்கடைப்பில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சமையல் வாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள் என்று அவனுக்குச் சொன்னவளே நான்தான்! குழந்தைகள் இருவரும் நான் சொல்லாமலே கீழே இறங்கி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். இருட்டிலேயே தடவிப் போய் அடுப்பை மூடி, ரெகுலேட்டரை அணைத்து, ஜன்னல் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு நானும் இறங்கினேன். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் வாசல் கதவையும் அகலத் திறந்தே வைத்தேன்.

தப்பு யாருடையது என்கிறீர்கள்? என்னுடையதுதான். சிம்மில் வைத்த பாலை மறந்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது.

வேப்பமரத்தடியில் சின்னவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "பால் வெச்சது நீதானேம்மா?"

"ஆமாண்டா" என்றேன்.

"பரவாயில்லை, அடிக்க மாட்டோம்" என்றான்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 16 வந்தால் கும்பகோணத்தில் அந்தக் குழந்தைகளுக்காக விளக்கேற்றுகிறார்கள். நானும் இங்கே வீட்டில் ஓர் அகல் ஏற்றுகிறேன். அது அணைவதற்குள், பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு எத்தனை நிமிஷத்தில் வருகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டு வேப்பமரம் எது? இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்களேன்!