பொரிக்கு உடம்பு சரியில்லை

"எலிக்கெல்லாமா டாக்டர்?" என்று சிரிப்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம்.

எங்கள் வீட்டு வெள்ளை எலி பொரிக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. வளர்ப்பு எலியின் ஆயுளே 2 முதல் 3 வருடம்தான். அந்தக் கணக்கில் அவள் பாட்டி. போன வாரம் கண்ணோரத்திலும் மூக்கு நுனியிலும் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. ரத்தம் என்றே நினைத்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காதருகே தூக்கிப் பிடித்தால் நெஞ்சுக்குள் 'கிர்கிர்' சத்தம். அவளுக்கு உயிரான வேகவைத்த பட்டாணியைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அந்தச் சிவப்பை ஈரப் பஞ்சால் துடைத்துக் காட்டினார். "ரத்தம் இல்லைம்மா. கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற சுரப்பியிலேர்ந்து வர்ற போர்ஃபிரின். உடம்புக்கு முடியலைன்னா இப்படி நிறைய வரும்."

நெஞ்சுச் சத்தத்துக்கு மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி காரணமாக இருக்கலாமாம். பல எலிகளின் உடம்பில் அது சத்தமில்லாமல் இருக்கும். வயதோ, பதற்றமோ, கூண்டில் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடியோ கிளறிவிட்டால் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். மருந்து அதை அடக்கும், அடியோடு ஒழிக்காது.

இப்போது வேளாவேளைக்கு ஆன்டிபயாடிக், வாழைப்பழத்தில் குழைத்து. "ஊரே எலி மருந்து வாங்குது, நீ எலிக்கு மருந்து வாங்குறே" என்கிறார் அம்மா. பழத்தை மசித்துத் தருவதும் அவர்தான்.

எலி வளர்ப்பவர்களுக்கு ஒன்று: அது மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. மூச்சில் சத்தம் கேட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.