எட்டுக்கு ஒன்று

மோன்றியலில் படிக்கும் தம்பி மகள் விடுமுறைக்கு வந்தபோது ஒரு தகர டின் கொண்டுவந்தாள். 540 மில்லி பிடிக்கிற டின். மேலே பனி மூடிய காடும் புகை விடும் ஒரு சின்னக் குடிலும் வரைந்திருந்தது. அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் பள்ளிக்கூடம் போனவர். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, அந்தக்கால உச்சரிப்பு மாறாமல் "சிரோ தேராப்ல்" என்று வாசித்தார். சிரோ என்றால் பாகு. மற்றது என்ன மரம் என்று அவருக்குத் தெரியவில்லை. "மேப்பிள் மரம் பாட்டி, மரத்துல வடியற தண்ணிய காய்ச்சுறது" என்றாள் பேத்தி.

அம்மா ஒரு ஸ்பூன் நாக்கில் விட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கருப்பட்டி காய்ச்சுறப்ப பாதியில இறக்கினா இப்படித்தான் இருக்கும். வில்லியனூர்ல ஆப்பத்துமேல ஊத்தித் தருவாங்க" என்றார்.

அந்தப் பாதிப் பாகை நான் சாப்பிட்டதே இல்லை. தென்மாவட்டங்களில் அதற்குக் கூப்பனி என்று பெயர். இறுகிய கருப்பட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் பாகை எங்கள் முத்தியால்பேட்டையில் எந்த மளிகைக் கடையில் போய்க் கேட்பது? வெள்ளைக்காரத் தெருப் பக்கத்து ஓட்டல்களில் பான்கேக்குக்கு மேப்பிள் பாகு வைக்கிறார்கள். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு மரத்தின் சாறு வந்து சேர்ந்துவிடுகிறது. விழுப்புரம் சாலையில் வரிசையாக நிற்கிற பனை வரவில்லை. எனக்கு இது உண்மையாகவே வலித்தது. அந்த மாசியிலேயே வீட்டில் காய்ச்சுவது என்று முடிவு செய்தேன்.

பதநீர் கொண்டுவருபவர் கண்டமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். மொபெட்டின் இரண்டு பக்கமும் கேன், பின்னால் ஒரு கட்டுப் பனையோலை. காலை எட்டு மணிக்குள் எங்கள் தெருவுக்கு வந்துவிடுவார். ஓலையை மடித்துப் பட்டையாக்கி ஊற்றித் தருவார். காய்ச்சப் போகிறேன், எட்டு லிட்டர் வேண்டும் என்றதும் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார். "காய்ச்சணும்னா வாங்கின உடனே அடுப்புல வச்சிடணும்மா. மத்தியானம்னு வச்சிக்காத. அது காத்துக்கிட்டு இருக்காது."

அது காத்திருக்காது என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படையே. பாளையைச் சீவி, அதன் நுனியில் மண் கலயத்தைக் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்தப் பூச்சு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். மரமும் பாளையும் கலயமும் ஒன்றுதான். எங்கள் புதுச்சேரியில் கள்ளுக்கடைக்கு அரசே ஏலம் விடுகிறது. எல்லையைத் தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள் கால் வைத்தால் கள் 1987 முதல் தடை. எங்கள் எல்லை நேர்க்கோடாக ஓடுவதில்லை. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன கொம்யூன்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஒரு வரப்பில் நிற்கிற மரத்தில் கள் இறக்குவது தொழில், அடுத்த வரப்பில் அதே வேலை குற்றம். இரண்டு பக்கமும் மரமேறிப் பிழைக்கிறவர்களுக்கு இது எத்தனை பெரிய பாரம் என்று அந்தப் பதநீர்க்காரரோடு பேசிப் பேசித்தான் புரிந்துகொண்டேன்.

முதல் நாள் பதநீரை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தேன். சுண்ணாம்பு அடியில் படிந்தது. மேல்தண்ணீரைப் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய அலுமினியச் சட்டியில் ஊற்றினேன். கொதி வந்ததும் வெள்ளை நுரை திரண்டு விளிம்புக்கு ஏறியது. அம்மா நாற்காலியில் இருந்தபடியே, "கொட்டமுத்து ஒண்ணு நசுக்கிப் போடு" என்றார். ஆமணக்கு விதையைத்தான் இந்தப் பக்கம் அப்படிச் சொல்வோம். போட்ட மாத்திரத்தில் நுரை அப்படியே உட்கார்ந்தது. அன்று இரவு இதைப் போனில் சொன்னபோது தம்பி மகள் சிரித்தாள். கனடாவில் அதற்கு ஒரு துளி வெண்ணெய் போடுவார்களாம். எண்ணெய்ப்பசை எதுவானாலும் குமிழி உடையும்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் நாலு டிகிரி ஏறினால் மேப்பிள் பாகு பதம். கடலோரத்தில் இருக்கும் எங்களுக்குக் கணக்கு சுலபம், 104. வெப்பமானி ஒன்று வாங்கினேன். அம்மா அதைப் பார்க்கவில்லை. கரண்டியில் மொண்டு சாய்த்தார். சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது, ஒரு கட்டத்தில் இரண்டு சொட்டு ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கரண்டி விளிம்பில் ஏடு மாதிரி தொங்கி அறுந்தது. "இறக்கு" என்றார். வெப்பமானியில் 104. கரும்பழுப்பு நிறம், லேசான புகைவாசம், தொண்டையில் நிற்கிற இனிப்பு. கியூபெக்கிலும் பழைய ஆட்கள் கரண்டியில் ஏடு விழுவதைத்தான் பார்ப்பார்களாம்.

எட்டு லிட்டரில் ஒரு லிட்டர் பாகு வந்தது. மேப்பிளுக்கு நாற்பது லிட்டர் வேண்டும். அந்தச் சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டுதான், பதநீரில் பத்து, பன்னிரண்டு. ஆனால் அங்கே தண்டில் ஒரு துளை போட்டால் சீசன் முழுக்க அதே துளை போதும். ராத்திரி உறைந்து பகலில் இளகும் குளிரே சாற்றை வெளியே தள்ளிவிடுகிறது. இங்கே ஒவ்வொரு முறையும் ஆள் ஏற வேண்டும், பாளையை மெல்லிசாகச் சீவிப் புண்ணைப் புதிதாக்க வேண்டும். சீவாமல் விட்டால் ஊறல் குறைந்துபோகும். எங்கள் பதநீர்க்காரருக்குப் பன்னிரண்டு மரம். காலையும் மாலையும் ஏறுகிறார். நல்ல மரம் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தரும் என்றார். அப்படியென்றால் என் ஒரு லிட்டர் பாட்டில் பாகுக்கு நாலு தடவை ஏறி இறங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு அவரிடம் விலை பேசவே எனக்கு மனம் வரவில்லை.

சித்திரையில் அவர் ஒரு வாரம் வரவில்லை. மரம் வழுக்கிக் காலில் அடி. அந்த வாரம் சாலையோரம் வேறொருவரிடம் வாங்கினேன். குடிக்கும்போது அவர் பதநீரைவிட இனிப்பாகத்தான் இருந்தது. காய்ச்சினேன். சட்டி வற்றிக்கொண்டே போயிற்று, ஏடு விழவே இல்லை. அடியில் கால் லிட்டர் கசப்புத் தண்ணீர் மிஞ்சியது. தண்ணீரும் சாக்ரினும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனையையும் வாய்க்காலில் கொட்டினேன். ஏமாந்ததைவிட, நுங்கும் பதநீருமாக அதைக் குழந்தைகளுக்கு வாங்கிக்கொடுக்கிறவர்களை நினைத்துத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

பனையை நினைத்தாலும் கவலைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த காலையில் எங்கள் தெருவில் வேம்பும் தூங்குமூஞ்சியும் குறுக்கே கிடந்தன. ஊருக்கு வெளியே போய்ப் பார்த்தபோது ஏரிக்கரைப் பனைகள் தலை கலைந்து, ஆனால் நின்றன. அந்தக் கரையில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவித்தார்கள். ஒரு மரம் பாளை விட பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகிறது. வெட்டுவதற்கு அரைமணி நேரம்.

ஆனி பிறந்த சில நாளில் அவர் ஒரே ஒரு கேனோடு வந்தார். பாளையெல்லாம் காய்ந்துவிட்டது, இதோடு சரி என்றார். அடுத்த வருஷம் ஏறுவீர்களா அண்ணே என்று கேட்டேன். காலைத் தடவிக்கொண்டார். "பையன் ஏற மாட்டான், நானும் ஏறவிடல. எனக்கு முடிஞ்ச வரைக்கும்."

பதினோரு பாட்டில் சேர்ந்திருந்தது. அதில் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்து விரலில் தொட்டு நக்கினார். கண்ணை மூடி யோசித்தார். "இன்னும் ரெண்டு கொதி விட்டிருந்தா கட்டியே ஊத்தியிருக்கலாம்" என்றார். பிறகு பாட்டிலைத் தலைத்துண்டில் சுற்றி, வெயில் படாத பக்கமாகக் கேனுக்கு அடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.