எண்ணிக்கை சொல்வார் யார்?

உடலை வருத்தும் உழைப்பும் உண்டு. உடலைப் பேணும் உழைப்பும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அவற்றின் பயன் வேறு வேறு. சிவகாசி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இவ்வுண்மை நடுக்கடலிலேதான் விளங்கத் தொடங்கிற்று.

2023ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குத் தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அது தொட்டுச் சென்ற துறைமுகங்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதியரான எங்களுக்கு, அப்பருவத்தில் அக்கப்பலில் செல்லும் வாய்ப்பை எங்கள் மகள் அமைத்துத் தந்தாள். கப்பலில் உணவுக்குக் குறைவில்லை. நடப்பதற்கோ அவசியமே இல்லை. ஆகவே காலையில் நடைபெற்ற உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்துகொண்டோம்.

கப்பலில் உடற்பயிற்சி என்பது புதுமையன்று. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கிலும் உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. மின்விசையால் அசையும் குதிரையும் ஒட்டகமும், துடுப்பு வலிக்கும் பொறியும் அங்கே இருந்தன. கற்றுத்தரப் பயிற்றுநர் ஒருவரும் இருந்தார். முதல் வகுப்புப் பயணிகளுக்கு மட்டுமே அதன் கதவு திறந்தது. அதே கப்பலின் அடித்தளத்தில் அனல் நடுவே நிலக்கரி அள்ளிப்போட்டவர்களுக்கு வேண்டியிருந்தது பயிற்சியன்று, ஓய்வு.

எங்கள் பயிற்றுநர் முதலில் கற்பித்தது குந்தி எழும் பயிற்சி. பள்ளியில் தண்டனையாக நாம் அறிந்த தோப்புக்கரணத்தின் உடன்பிறப்பு! பத்துவரை எண்ணுவார், நிறுத்துவார். தண்ணீர் பருகச் சொல்வார். கால்களை நீட்டித் தளர்த்தச் சொல்வார். பிறகே மறுபடி எண்ணுவார். வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பதே அவர் அடிக்கடி தந்த அறிவுரை.

ஊர் திரும்பியதும், பட்டாசு ஆலையில் நெடுங்காலம் வேலை செய்துவரும் எங்கள் அக்காவிடம் இதை விவரித்தோம். அவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "நாங்களும் நாள் பூரா குத்தவச்சுத்தான் இருக்கோம். எங்களுக்கு யாரு எண்ணிக்கை சொல்றா? போதும்னு யாரு சொல்றா?"

அக்கேள்வி எங்களை விடவில்லை. 1953இல் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் லண்டன் மாநகரப் பேருந்துப் பணியாளர் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அமர்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைக் காட்டிலும், மாடிப்பேருந்தின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று அது காட்டிற்று. அசைவு நன்மை தரும் என்பது உண்மையே. அப்படியானால் உழைப்பாளியின் உடல் அல்லவா எல்லாரினும் நலமாக இருக்க வேண்டும்? டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழுவினரின் ஆய்வுகள் இதற்கு விடை தேடின. ஓய்வுநேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சியின் நன்மையை, கூலிக்காக மணிக்கணக்கில் செய்யும் கடும் உழைப்பு தருவதில்லை என்கின்றனர் அவர்கள். ஒரே நிலையில் நீளும் வேலையும், உடல் தன்னை மீட்டுக்கொள்ளப் போதிய இடைவெளி இன்மையுமே முக்கிய காரணங்களாகச் சுட்டப்படுகின்றன.

இடைவெளியும் சேர்ந்ததுதான் பயிற்சி. துண்டுக்கூலிக்கு வேலை செய்பவருக்கோ ஒவ்வோர் இடைவெளியும் கூலிக் குறைவு. முழங்கால் கெஞ்சினாலும் கை நிற்பதில்லை.

இவ்விதழை வாசிப்போருள் ஆலை நடத்துவோர் உண்டு, மேற்பார்வை செய்வோர் உண்டு, உழைப்போரும் உண்டு. மணிக்கொருமுறை எழுந்து கால் நீட்டச் சில நிமிடம், முதுகு சாய ஒரு தாங்கி, நல்ல குடிநீர், அந்நேரத்திற்கும் குறையாத கூலி: இவை உல்லாசக் கப்பலின் வசதிகள் அல்லவே! ஓய்வையும் ஒரு கட்டளையாகப் பெற்றுக்கொண்ட மக்கள் நாம். ஞாயிறு ஒருநாள் மட்டும் அதனை நினைத்தால் போதுமா?

இப்போது அக்கா மாலையில் எங்கள் வீட்டிற்கு வருகிறார். முற்றத்தில் பாய் விரித்துப் பத்து நிமிடம் கைகால்களை நீட்டித் தளர்த்துகிறோம். எண்ணிக்கை சொல்வது எங்கள் வேலை. 'போதும்' என்று சொல்லும் உரிமை அக்காவுடையது.