ஐடிலில் மிஸ் பண்ணும் எஞ்சின்

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக்கில் கரி படியும், ஐடிலில் எஞ்சின் மிஸ் பண்ணும். காதாலேயே கோளாறு பிடிக்கப் பழகிய தலைமுறை அது.

சண்டிலிப்பாயில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு ஐயாவும் அப்போது ஹயர் ஓடியவர். போன மாதம் அவருடைய ஏ40 நிற்கும்போது மட்டும் உதறியது. ஒரு கராஜில் எஞ்சினைப் பிரிக்கச் சொன்னார்கள். செலவை நினைத்து விற்கவே யோசித்தார்.

"சேர், விக்கிறதுக்கு முதல் ஒருக்கா பாப்பம்" என்றார். அஸருக்குப் பிறகு எஞ்சினை ஓடவிட்டு, தடித்த காய்ந்த துணியால் பிடித்து பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். 1, 2, 4 கழற்றியபோது எஞ்சின் இன்னும் தளர்ந்தது. 3 கழற்றியபோது மாற்றமே இல்லை. வேலை செய்யாத சிலிண்டர் அதுதான். எஞ்சினை நிறுத்தி, அந்தப் பிளக்கை இரண்டாவதோடு மாற்றிப் போட்டார். கோளாறும் இரண்டுக்குப் போனது. புதுப் பிளக் ஒன்றோடு முடிந்தது.

கோளாறு மூன்றிலேயே நின்றிருந்தால் வயர், வால்வு, காற்றுக் கசிவு என்று தேடவேண்டும். ஐடிலில் திறொட்டில் மூடியிருப்பதால் சின்ன ஓட்டையும் காற்றை இழுக்கும்.

புதுக் கார்களில் ஸ்கானர் பி0303 என்று மூன்றாவது சிலிண்டரைக் காட்டும். ஏன் என்பதை நாங்கள்தான் தேடவேண்டும்.

கலாசாலையில் குறையறி சோதனை என்று படித்தோம். வகுப்பே மந்தம் என்று சொல்லும் முன், எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடக்குது என்று பாருங்கள்.